கைக்கடிகாரமும் அதனைக் காக்கும் கையும்



கடைக்காரர் பணத்தை எண்ணிப் பெட்டியில் இட்டு, பொருளைப் பொதிசெய்து நம் கையிற் கொடுத்துவிட்டால், அவருக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறதா? அரிசியும் பருப்பும் வாங்குமிடத்தில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது எனலாம். ஆனால், ஐம்பது ஆண்டுகள் உழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் பொருளைப் பொறுத்தவரையில் அவ்வுறவு அன்றுதான் தொடங்குகிறது. அத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய உயர்தர இயந்திரக் கைக்கடிகாரத்தைப் பற்றியும், அதனை வாங்கியவருக்குப் பின்னாளில் கிடைக்கும் பராமரிப்பைப் பற்றியும் இன்று சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் வாழும் ஒரு பாடசாலை அதிபருக்கும் ஆடம்பரக் கடிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். தொடர்பு இரண்டு வகையில் உண்டு. ஒன்று கடலைச் சார்ந்தது, பழையது. மற்றது எம் உறவினரைச் சார்ந்தது, புதியது.

பழையதை முதலிற் கூறுகிறேன். நடுக்கடலில் நிற்கும் கப்பல், தான் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதைச் சூரியனைக் கொண்டும் விண்மீன்களைக் கொண்டும் அறிந்துகொள்ளும். எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே இருக்கிறது என்பதை அறிவதற்குக் கடிகாரம் வேண்டும். பூமி ஒரு பாகை சுழல்வதற்கு நான்கு நிமிடங்கள் செல்கின்றன. கிறீனிச்சுக்குக் கிழக்கே 81 பாகைக்குச் சற்று மேலாக அமைந்துள்ள திருகோணமலையில், கிறீனிச்சை விட ஏறக்குறைய 5 மணி 25 நிமிடங்களுக்கு முன்னரே சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிழையறச் சொல்லும் கடிகாரம் கப்பலில் இருந்தால், மாலுமி தன் இடத்தை அறிவான். அக்கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிழைத்தாலும், எமது கரையோரத்தில் அவனுடைய கணக்கு ஏறக்குறைய 15 கடல்மைல் பிழைத்துவிடும். துறைமுக வாயில் என்று அவன் எண்ணிய இடத்தில் பாறை இருக்கக்கூடும்.

இக்காரணம் பற்றியே 1714ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம், கடலில் நெடுங்கோட்டைக் கணிக்க வழி காண்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதெனச் சட்டம் இயற்றியது. தச்சுத் தொழில் கற்ற ஜோன் ஹரிசன் என்பார், வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டு, 1759இல் தமது நான்காவது கடற்கடிகாரத்தைச் செய்து முடித்தார். இன்றைய விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் பெருமை அந்த மரபிலிருந்தே பிறக்கிறது.

பிரித்தானியக் கடற்படை 1957 வரை எமது துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. கப்பல்களில் அக்கடிகாரங்கள் எவ்வாறு பேணப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. நாள்தோறும் ஒரே வேளையில், அதற்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட ஒருவரே சாவி கொடுப்பார். அது நாளொன்றுக்கு எத்தனை செக்கன் முந்துகிறது, எத்தனை செக்கன் பிந்துகிறது என்பது ஏட்டிற் பதியப்படும். குறித்த காலம் ஓடிய பின்னர், அது கரையில் உள்ள வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டுச் சுத்தம் செய்து எண்ணெயிடப்படும். மாலுமி நம்பியது கடிகாரத்தை மட்டும் அன்று. கடிகாரத்தையும் அதன் பராமரிப்பையும் சேர்த்தே நம்பினான்.

இனிப் புதிய தொடர்புக்கு வருவோம். 1980களிலிருந்து எம்மவர் பலர் போரின் காரணமாக நாட்டை விட்டுச் சென்று சுவிற்சர்லாந்தில் குடியேறினர். இன்று அங்கு வாழும் இலங்கைத் தமிழர் ஐம்பதினாயிரம் அளவினர் என மதிப்பிடப்படுகின்றனர். கடிகாரத் தொழிலின் தாயகமாகிய அந்நாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வரும் தம்பி, தமையனுக்கு எதனைக் கொண்டுவருவான்? கைக்கடிகாரத்தைத்தான். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பழைய மாணவர் சேர்ந்து அணிவிப்பதும் பெரும்பாலும் அதுவே. இவ்வாறு, தம் பணத்தில் ஒருபோதும் வாங்கியிருக்க மாட்டாதவர்களின் கைகளிலும் விலையுயர்ந்த கடிகாரங்கள் வந்து சேர்ந்துள்ளன. அவை ஓடும் வரையில் மகிழ்ச்சி; நின்றுவிட்டால் எங்கே கொண்டுபோவது?

இக்கேள்வியின் கனத்தை உணர்வதற்கு, அச்சிறு பெட்டிக்குள் நிகழ்வதைச் சற்று அறிந்துகொள்ளல் நன்று. இயந்திரக் கடிகாரத்தில் மின்கலம் இல்லை. சுருட்டி இறுக்கப்பட்ட ஒரு வில் மெல்ல மெல்ல விரிந்து, பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்த விசை ஒரே மூச்சில் பாய்ந்து தீர்ந்துவிடாதபடி, மயிரிழை போன்ற மற்றொரு வில்லோடு கூடிய சமநிலைச் சக்கரம் இங்குமங்கும் ஆடி, நேரத்தைத் துண்டுதுண்டாக அளந்துவிடுகிறது. இக்காலத்து உயர்தரக் கடிகாரங்கள் பலவற்றில் இவ்வாட்டம் மணிக்கு 28,800 தடவை, அதாவது செக்கனுக்கு எட்டுத் தடவை நிகழ்கிறது. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 25 கோடியைத் தாண்டும். சக்கரங்களின் மெல்லிய அச்சுகள் தேயாதிருக்கச் செயற்கை மாணிக்கக் கற்களில் அவை பொருத்தப்பட்டுள்ளன. ‘பதினேழு கல் மணிக்கூடு’ என்று எம் முன்னோர் பெருமையாகச் சொன்னது இக்கற்களைத்தான். அவை அலங்காரத்துக்கானவை அல்ல. அக்கற்களில் இடப்படும் எண்ணெயோ கண்ணுக்கு அரிதிற் புலப்படும் ஒரு துளி. காலப்போக்கில் அத்துளி வற்றும். அல்லது தடித்துப் பசையாகும். அப்பொழுதும் கடிகாரம் உடனே நின்றுவிடுவதில்லை. ஓடிக்கொண்டே தேய்கிறது. நேரம் பிந்துகிறதே என்று நாம் உணரும் வேளையில், உலோகம் உலோகத்தைத் தின்றிருக்கும்.

ஆகவேதான் தயாரிப்பாளர்களே காலமுறைப் பராமரிப்பை விதிக்கின்றனர். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது றோலெக்ஸ் நிறுவனம். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது ஒமேகா. முழுமையான பராமரிப்பு என்றால் என்ன? நூற்றுக்கு மேற்பட்ட சிறு பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றல், கழுவுதல், தேய்ந்தவற்றை மாற்றுதல், உரிய இடத்தில் உரிய எண்ணெயை உரிய அளவில் இடுதல், மீண்டும் பூட்டுதல், நீர் புகாமற் காக்கும் றப்பர் வளையங்களைப் புதுப்பித்தல், பல நிலைகளில் வைத்து ஓட்டத்தைச் சோதித்தல். பின்மூடியைத் திறந்து, ஊதித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடுவது பராமரிப்பு ஆகாது. அது முகத்தை மட்டும் கழுவிவிட்டு நீராடினேன் என்பதை ஒக்கும்.

இங்கே ஒரு முரணைக் கருதவேண்டும். 1969ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. படிகத்தின் அதிர்வைக் கொண்டு மின்கலத்தால் ஓடும் அவ்வகைக் கடிகாரம், இன்று மிக மலிந்த விலைக்குக் கிடைக்கிறது. அது மாதத்துக்குச் சில செக்கன்களே பிழைக்கும். இயந்திரக் கடிகாரத்துக்குச் சுவிற்சர்லாந்தின் தரச் சோதனை நிலையம் வழங்கும் உயர் சான்றிதழோ, நாளொன்றுக்கு நான்கு செக்கன் பிந்துதலையும் ஆறு செக்கன் முந்துதலையும் அனுமதிக்கிறது. நேரம் அறிவதே நோக்கமாயின், நடைபாதைக் கடையில் வாங்கிய கடிகாரம் ஆடம்பரக் கடிகாரத்தை வென்றுவிடும்!

அங்ஙனமாயின், இயந்திரக் கடிகாரத்துக்கு எஞ்சியுள்ள சிறப்பு யாது? அழகு என்பர், கைவினை என்பர், இரண்டும் உண்மையே. ஆயினும் எல்லாவற்றிலும் மேலான சிறப்பு ஒன்றுண்டு. அது திருத்தத்தக்கது. மின்சுற்று பழுதானால் மலிந்த கடிகாரத்தை வீசிவிடுகிறோம். இயந்திரக் கடிகாரத்திலோ தேய்ந்த சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் செய்யலாம். தளர்ந்த வில்லுக்கு மாற்று வில் இடலாம். தந்தை கட்டியதை மகனும், மகன் கட்டியதைப் பேர்த்தியும் கட்டலாம். பட்டேக் பிலிப் நிறுவனம், தான் தோன்றிய 1839 முதல் செய்த எந்தக் கடிகாரத்தையும் திருத்தித் தருவோம் என்று கூறுவது இப்பெருமை பற்றியே. திருத்தம் என்னும் அந்த வாய்ப்பு மறுக்கப்படுமானால், பெரும் விலை கொடுத்தவர் வாங்கியது வெறும் உலோகத் துண்டு என்றே சொல்லவேண்டும்.

அவ்வாய்ப்பு நடைமுறையில் எவ்வாறு கைநழுவுகிறது என்பதற்கு, எனக்கு நன்கு அறிமுகமான ஓர் ஆசிரியருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். வெளிநாட்டில் வாழும் சகோதரர் அளித்த கடிகாரம் பிந்தத் தொடங்கவே, அவர் அதனைத் தலைநகரில் உள்ள ஒரு கடைக்கு அனுப்பினார். செலவு எவ்வளவு என்று எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. ஐந்து மாதங்கள் கழிந்தன. கடிகாரம் வந்தபொழுது, கண்ணைப் பறிக்கும்படி மின்னியது. அவர் கேளாமலே உறை மெருகிடப்பட்டிருந்தது, முட்களும் மாற்றப்பட்டிருந்தன. கழற்றிய முட்கள் எங்கே என்றால் விடை இல்லை. சகோதரர் அளித்த பொருள் போய், அதனையொத்த வேறொரு பொருள் வந்திருப்பதாகவே அவர் உணர்ந்தார். மெருகிடுதல் என்பது மேற்பரப்பு உலோகத்தைச் சுரண்டி எடுத்தலே. சுரண்டியது திரும்பி வராது. பழைய கடிகாரங்களைச் சேகரிப்போர், மெருகிடாத உறைக்கும் மாற்றப்படாத முகப்புக்குமே அதிக விலை கொடுக்கின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும்.

எமது நகரிலேயே திருத்தியிருக்கலாகாதா என்று கேட்பீர்கள். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, சிறிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் முதிய கைவினைஞர் எந்த நகரிலும் ஒருவரேனும் இருப்பார். திறமை அவரிடம் உண்டு, உதிரிப்பாகம் இல்லை. உலகின் பெரிய கடிகார நிறுவனங்கள் பல, தம் உதிரிப்பாகங்களைத் தாம் அங்கீகரித்த நிலையங்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. ஐரோப்பாவின் சுயாதீனக் கடிகாரத் திருத்துநர் சங்கங்களின் கூட்டமைப்பு, 2004ஆம் ஆண்டில் இது குறித்து ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. ஆணைக்குழு அம்முறைப்பாட்டை நிராகரித்தது. 2010இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்நிராகரிப்பை இரத்துச் செய்தது. ஆணைக்குழு மீண்டும் ஆராய்ந்து, 2014இல் மீண்டும் நிராகரித்தது. 2017இல் நீதிமன்றம் அம்முடிவை ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள் போராடித் திருத்துநர்கள் தோற்றனர்.

நிறுவனங்களின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். உதிரிப்பாகங்கள் யார் கைக்கும் போகுமாயின், போலிக் கடிகாரங்கள் பெருகும். பயிற்சியற்றவர் கெடுத்துவிட்டுப் பழியை எம்மேல் போடுவர் என்கின்றனர். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், தேர்ச்சி பெற்று, தகுந்த கருவிகளும் வைத்திருக்கும் ஒருவர்முன் கதவை அடைப்பதற்கு அந்த நியாயம் போதாது. வாகனம் செலுத்தத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வீதியை மூடுவார் உண்டோ? தேர்வு வைத்துத் தகுதி கண்டு அனுமதிப்பதே முறை. பரீட்சைகளோடு வாழ்நாள் முழுதும் பழகிய எனக்கு இது எளிதாகவே தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை அண்டை நாட்டிற் காண்கிறோம். இந்திய அரசின் எச். எம். டி. நிறுவனம், ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ‘ஜனதா’ என்னும் அதன் சாவிக் கடிகாரம், எழுதுவினைஞர் கையிலும் ஆசிரியர் கையிலும் மணமகன் கையிலும் ஏறியது. பின்னர், தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் ஓசூரிலிருந்து குவாட்ஸ் கடிகாரங்களைக் கொண்டு சந்தையை வென்றது. எச். எம். டி. கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அமைச்சரவை இசைவளித்தது. நிறுவனம் மறைந்தது, ஆனால் ஜனதாக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏன்? அவற்றின் பாகங்கள் கடைத்தெருக்களில் பரவிக் கிடந்தன. சிற்றூர்த் திருத்துநரும் அவற்றின் உள்ளமைப்பை அறிந்திருந்தார். பழுதான ஒரு கடிகாரம் மற்றொன்றுக்குப் பாகம் தந்தது. செய்தவர் இல்லாமலே வாழும் எளிய கடிகாரம் ஒருபுறம். செய்தவர் செழிப்போடு இருந்தும் எமது ஊரில் திருத்த இயலாத விலையுயர்ந்த கடிகாரம் மறுபுறம். வாங்கியவருக்கு எது மெய்யான செல்வம் என்பதை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

இந்நிலையில் வாங்குவோர் செய்யத்தக்கவை யாவை? வாங்குவதற்கு முன்னரே வினவவேண்டியவை சில உண்டு. இந்நாட்டில் இதற்கு அங்கீகரிக்கப்பட்ட பராமரிப்பு நிலையம் இருக்கிறதா? அங்கேயே திருத்துவார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? வழக்கமான பராமரிப்புக்கு இன்று என்ன கட்டணம்? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? றோலெக்ஸ் 2015 முதலும், ஒமேகா 2018 முதலும் ஐந்தாண்டு உத்தரவாதம் வழங்கி வருகின்றன. ஆனால் உத்தரவாத அட்டையில் கொள்வனவுத் திகதி குறிக்கப்பட்டு, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரால் உறுதிசெய்யப்பட்டிருத்தல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பரிசளிக்கும் அன்பர்களே, கடிகாரத்தோடு அந்த அட்டையையும் பற்றுச்சீட்டையும் சேர்த்தே கொடுங்கள். பரிசின் விலை தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டுப் பற்றுச்சீட்டைக் கிழித்துவிடுவது எமது வழக்கம். நல்ல பண்புதான், ஆயினும் கடிகாரம் பழுதாகும் நாளில் அப்பண்பு உதவாது.

திருத்தக் கொடுக்கும்போது, செய்யப்போகும் வேலைகளையும் அவற்றின் செலவையும் எழுத்திற் பெறுங்கள். மெருகிட வேண்டாம் எனில் அதனையும் எழுத்திற் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். சில நிறுவனங்கள் மறுக்கும் என்பதால், கொடுப்பதற்கு முன்னரே கேளுங்கள். கடிகாரத்தின் தொடர் இலக்கத்தைக் குறித்து, ஒளிப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்றும் அறிந்துகொள்ளுங்கள்.

எமது கரையோரத்தவர்க்குத் தனியாக ஒரு சொல். உப்புக்காற்றும் ஈரமும் கடிகாரத்தின் பகைவர். ‘30 மீற்றர்’ என்று முகப்பில் எழுதியிருந்தால், முப்பது மீற்றர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்பது பொருளன்று. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்ற அளவிலேயே அதனைக் கொள்ளவேண்டும். நிலாவெளிக் கடலில் நீராடுவோரும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவோரும் கடிகாரத்தைக் கழற்றி வைத்தல் நலம். வெப்பத்தில் றப்பர் வளையம் விரைவாக மூப்படையும். கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியக் கண்டால் அன்றே கொண்டுசெல்லுங்கள். துருவுக்கு ஒரு வாரம் போதும்.

சட்டத்தின் துணையும் எமக்குண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, வாக்களித்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்றது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமையென அச்சட்டம் கூறியது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அளிக்கவும் விதித்தது. ஆகவே, ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று காலங்கடத்துதல் எமக்கே தீங்கு.

எனினும் சட்டத்தால் மட்டும் தீராத குறை ஒன்று உண்டு. அது கைவினைஞரின் குறை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொருள்களைத் திருத்தும் உரிமை பற்றி ஒரு சட்டம் இயற்றியது. சலவை இயந்திரமும் கைத்தொலைபேசியும் அதன் பட்டியலில் இடம்பெற்றன, கைக்கடிகாரம் இடம்பெறவில்லை. அது இடம்பெறும் நாள் வந்தாலும், பாகம் வந்து சேரும் வேளையில் அதனைப் பொருத்தத் தெரிந்த கை எமது ஊரில் இருக்கவேண்டாமா? முதிய திருத்துநரிடம் தொழில் பழக இன்று இளைஞர் வருவதில்லை. வருமானம் குறைவு என்பது ஒரு காரணம். மதிப்புக் குறைவு என்பது மற்றொரு காரணம். இரண்டாவதற்குப் பாடசாலைகளாகிய நாமும் பொறுப்பாளிகளே. பல்கலைக்கழகம் புகுந்தவனை மேடையேற்றி மாலையிடுகிறோம். நுண்ணிய கருவியைச் செம்மையாகக் கையாளும் மாணவனை யாரும் அழைத்துப் பாராட்டுவதில்லை. சுவிற்சர்லாந்தில் கடிகாரத் தொழில் ஆண்டுக்கணக்கிற் கற்று, தேர்வெழுதிப் பெறும் கல்வியாக மதிக்கப்படுகிறது. எமது தொழினுட்பக் கல்லூரிகளிலும் நுண்கருவித் திருத்தம் ஒரு பாடமாக அமையுமாயின், அதனால் வாழ்வது கடிகாரத் தொழில் மட்டுமன்று. மருத்துவமனையின் கருவிகளும் ஆய்வுகூடத்தின் தராசுகளும் பயன்பெறும்.

நேயர்களே, விலை என்பது பொருளுக்கு நாம் ஒருமுறை கொடுப்பது. பராமரிப்பு என்பது அதற்கு நாம் காலமெல்லாம் கொடுப்பது. முதலாவதைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதற்கு வழியை அடைக்கும் வணிகம் அறமான வணிகம் ஆகாது. அவ்வாறே, விலையை மட்டும் பேரம்பேசிவிட்டுப் பின்வரும் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் வினவாத கொள்வனவு அறிவான கொள்வனவு ஆகாது. இனி ஒரு நல்ல கடிகாரத்தைக் காணும்போது, அதன் முகப்பில் எழுதிய பெயரைப் படிப்பதோடு அமையாமல், ‘இது நின்றுபோகும் நாளில் இதனைத் திறக்கப்போகும் கை யாருடையது?’ என்று கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.